முழுகிப்போன கிணற்றுக்கு மூங்கில் நட்டவர்

மேட்டூரில் அணை கட்டி முடித்தார்கள், எங்கள் ஊர் தண்ணீருக்குள் போயிற்று. ஊர்தான் போயிற்று, ஊர்க்காரர்கள் போகவில்லை. சட்டி பானையையும் ஆடு மாட்டையும் மாரியம்மனையும் பழைய சண்டைகளையும் ஒன்று விடாமல் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிக் கொட்டாய் போட்டுக்கொண்டார்கள். ஏரியூர்ப் பக்கம் வந்து மேட்டுக்கொட்டாய் எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அதுதான்.

முழுகின நிலத்துக்கெல்லாம் சர்க்கார் அப்போதே ஈடு கொடுத்துவிட்டது. எங்கள் ஆட்கள் ஈட்டையும் வாங்கிக்கொண்டு நிலத்தையும் வைத்துக்கொண்டார்கள். நிலம் அங்கேயேதான் இருக்கிறது, மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது என்பது அவர்கள் கட்சி. அதில் பாதி நியாயமும் உண்டு. கோடையில் தண்ணீர் இறங்கும்போது பழைய காடுகள், எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்கு அதுதான் பேர், சேற்றோடு வெளியே வரும். அவரவர் காட்டில் அவரவர் கம்போ கேழ்வரகோ விதைத்துக்கொள்வார்கள். ஆடி பிறந்து வெள்ளம் வந்தால் எல்லாம் மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவரவர் காட்டுக்கு மேலே அவரவர் குளித்தார்கள்.

பொய் சொல்லவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு பேர் வரப்புச் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய எருமை நீந்திப்போய் மற்றவருடைய கடலைக்காட்டுக்கு மேலே நின்றுவிட்டதாம். அது அங்கே எதை மேய்ந்தது என்று கேட்டேன். இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு என்னைத் திட்டினார்கள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் 'பார்த்து இறங்குங்கள்' என்று கத்துவதற்கென்று மாதப்ப மாமா இருந்தார். எங்கள் ஊரில் சித்தப்பா பெரியப்பா ஆகாதவர்களெல்லாம் மாமா, அந்த வகையில் மாமா. கிணறு வெட்டுகிறவர். பழைய ஊரில் அவர் கடப்பாரை படாத கிணறு குறைவு. கிணற்று அடியிலிருந்து மேலே நிற்கிறவர்களோடு பேசிப் பேசி அவர் குரல் பெரிதாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை கேட்டால் அடுத்த ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். நீச்சல் மட்டும் தெரியாது. கிணறு வெட்டுகிறவருக்கு அது எதற்கு? ஊற்றுக் கண் திறந்ததும் மேலே ஏறி வருகிறவர்தானே.

அணை நிரம்பிய வருஷம் ஆவணியில் அவர் மகள் காவேரி ஆட்டுக்குட்டி கழுவப் போனாள். ஏழு வயசிருக்கும். சொந்தக் காடுதானே என்று முழங்காலளவுத் தண்ணீரில் நடந்தாள். அந்தச் சொந்தக் காட்டில் மாமா தனக்கென்று வெட்டின கிணறு ஒன்று வாயைத் திறந்துகொண்டு தண்ணீருக்கடியில் கிடந்தது. கைப்பிடிச் சுவர் கிடையாது. பிள்ளை அப்படியே உள்ளே போய்விட்டாள். பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த சாலம்மா அத்தை பாய்ந்து சடையைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

சாலம்மா அத்தை பரிசல் ஓட்டுகிறவர்கள் வீட்டில் பிறந்தவள், ஆற்றில் நீந்தி வளர்ந்தவள். அவளைக் கட்டினவர் நஞ்சப்பன். பழைய ஊரில் அதிகக் காடு வைத்திருந்தவர் அவர்தான், ஆகவே இப்போது அதிகத் தண்ணீர் வைத்திருக்கிறவரும் அவர்தான். பெண்டாட்டி நீந்துவது அவருக்குக் கௌரவக் குறைவு. அன்று பிள்ளையைக் காப்பாற்றியதற்கும் வீட்டில் அவளுக்கு அர்ச்சனை நடந்தது என்று கேள்வி.

காவேரி பிழைத்துக்கொண்டாள், ஆனால் அதன்பிறகு தண்ணீரில் காலே வைக்கவில்லை. குடத்தைச் சாய்த்துத் தலையில் ஊற்றினாலும் அலறினாள். மேட்டுக்கொட்டாயில் குடிக்க, குளிக்க, மாடு கழுவ எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தண்ணீர்தான். அதற்குப் பயந்துகொண்டு ஒரு பெண்பிள்ளை இங்கே காலம் தள்ள முடியாது. அந்தப் பிள்ளை மறுபடியும் தண்ணீரில் இறங்க வேண்டும், இறங்கினால் திரும்பி ஏற வேண்டும். மாமாவுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். "நான் தோண்டுன கெணறு என் புள்ளையவே கேட்டுச்சே" என்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று அவர் சொன்னது ரகசியம். அவர் குரலில் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது. கண்ணைத் துடைத்ததை யாரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு மாமா பிரசாரத்தில் இறங்கிவிட்டார். காலையில் ஓட்டைத் தகரம் ஒன்றைத் தட்டிக்கொண்டு கரையோரமாகப் போவார். ஒற்றையாக இறங்காதே என்பார். அடியில் வேலமரக் கட்டை நிற்கிறது, தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாயாதே என்பார். முழுகுகிறவன் கிட்டே போகாதே, போனால் உன்னையும் சேர்த்துக்கொண்டு போவான், கையில் கிடைத்ததை எறி என்பார். இதெல்லாம் சாலம்மா அத்தை சொல்லிக் கொடுத்தது. அவள் சொன்னால் யார் கேட்பார்கள்? மாமா சொன்னாலும் யாரும் கேட்கவில்லை, ஆனால் காதில் விழாமல் தப்பிக்க முடியவில்லை. நாங்கள் பையன்கள் பின்னாலேயே போய் அவர் சொல்வதையெல்லாம் ஒரு கணம் தள்ளி அதே குரலில் திருப்பிச் சொல்லுவோம். ஆளுக்கு எதிரொலி இருந்தால் நல்லதுதான் என்று அவர் சந்தோஷப்பட்டார். எங்களுக்கு அலுத்துப்போயிற்று. பாடம் மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது.

கோடை வந்தது, தண்ணீர் இறங்கியது, கிணறுகள் ஒவ்வொன்றாக வாயைக் காட்டின. மாமா மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு கிணற்றின் ஓரத்திலும் உயரமாக ஒரு கழி நட்டார். நுனியில் அவர் பெண்டாட்டி ராமக்காவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினார். வெள்ளம் வந்து கிணறு மறைந்தாலும் கழியின் தலை வெளியே தெரியும். சிவப்பைப் பார்த்தால் பிள்ளைகள் ஒதுங்கிப் போவார்கள். யோசனையில் ஒரு குற்றமும் இல்லை, அதை மேட்டுக்கொட்டாயில் செய்தார் என்பதைத் தவிர.

எங்கள் ஆட்களுக்குக் கழி என்றால் எல்லை. எல்லை என்றால் யாரோ காட்டைப் பிடிக்கிறான். ஊரில் பாதிக் காட்டில் மாதப்பன் கழி நிற்கிறது, ஆகவே பாதிக் காட்டை மாதப்பன் பிடித்துவிட்டான். விடிந்து பார்த்தால் ஒரு கழி இல்லை. மாமா திரும்ப நட்டார், திரும்பவும் காணவில்லை. நஞ்சப்பன் வீட்டு அவரைப்பந்தல் திடீரென்று புதுக் கால்களோடு எழுந்து நின்றது. அதில் ஒரு காலின் தலையில் தன்னுடைய கல்யாணச் சேலையின் முந்தானை பறப்பதை ராமக்கா அத்தை பார்த்துவிட்டு வந்து களி கிண்டினாளாம். அன்று களி கல்லாக இருந்தது என்று மாமாவே சொன்னார்.

ஊர்க்கவுண்டர் பஞ்சாயத்துக் கூட்டினார். மாமா எழுந்து, காவேரி விழுந்த கதையை முதலிலிருந்து சொன்னார். இன்று என் பிள்ளை, நாளைக்கு உங்கள் பிள்ளை என்றார். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் நஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அதெல்லாம் சரி மாதப்பா. உம் புள்ள உங்காட்டுக் கெணத்துலதானே வுழுந்துச்சு? எங்காட்டுல எதுக்குக் கழி?"

"உன் கெணறு மட்டும் புள்ளைங்களை முழுங்காதா?"

"எங்கெணறு எவனை முழுங்குனாலும் அது எங்கெணறு. நீ கழி நட்டா அது உங்கெணறாயிரும்."

கூட்டத்துக்கு இது ரொம்பவும் நியாயமாகப் பட்டது. இனி யாரும் அடுத்தவர் காட்டில் கழி நடக்கூடாது என்று தீர்ப்பு ஆயிற்று.

ஆடி நெருங்கியது. ஒகேனக்கல் பக்கம் மழை பிடித்துவிட்டது என்று பரிசல்காரர்கள் சொன்னார்கள். மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கிற பழைய வடக்கயிற்றை எடுத்துக் காவேரியின் இடுப்பில் ஒரு முனையும் வேப்பமரத்தில் ஒரு முனையுமாகக் கட்டிவிட்டார். அவள் கன்றுக்குட்டியைப்போல மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ராமக்கா அத்தை வந்து பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

"ஏனுங்க, கண்ணாலம் கட்டிக் குடுக்கறப்ப மரத்தையும் கூட அனுப்பறதா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? கழி நட்டாப் புடுங்கறானுங்க."

"நீங்க நட்டாத்தான புடுங்கறாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அன்று துணி துவைக்கிற கல்லண்டை அவளும் சாலம்மா அத்தையும் வெகுநேரம் ஒரே சேலையை அலசினார்கள். மத்தியானம் நஞ்சப்பன் சாப்பிட உட்கார்ந்தபோது, மாதப்பன் கழி நடுவதை விட்டுவிட்டாராம், பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம் என்று சாலம்மா அத்தை குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாளாம். ஏன் சந்தோஷம் என்று அவர் கேட்டாராம். அடையாளக் கழி இல்லாத கிணறு யாருடையது என்று அடுத்த கோடையில் எவன் சொல்ல முடியும், முதலில் போய் நிற்கிறவனுடையதுதானே என்று அவள் வெகுளியாகச் சொன்னாளாம். களி உருண்டை பாதியில் நின்றது.

பொழுது சாய்வதற்குள் நஞ்சப்பன் கிணற்றோரம் அவரைப்பந்தல் கால் ஒன்று வந்து நின்றது. அதைப் பார்த்துப் பக்கத்துக் காட்டுக்காரர் அதைவிட உயரமாக நட்டார். மறுநாள் ஊரே மூங்கில் புதருக்குள் இருந்தது. உயரத்தில் போட்டி, துணியின் நிறத்தில் போட்டி. கிணறே இல்லாதவர்கள் சும்மா இருப்பார்களா? நாளைக்கு எனக்கும் ஒரு கிணறு இருந்தது என்று சொல்லிக்கொள்ள உதவும் என்று அவர்களும் நட்டார்கள். கிணறுகள் குட்டி போட்டுவிட்டன. வெள்ளம் வந்து நின்றபோது பார்த்தால், தண்ணீருக்கு மேலே தேர்த்திருவிழா போலக் கொடிகள். நாகமரைத் துறைக்குப் போகிற பரிசல்காரர்கள் இங்கே என்ன விசேஷம் என்று நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாமாவுக்கு மட்டும் ஆத்திரம். நான் வெட்டாத கிணற்றுக்கெல்லாம் கழி நிற்கிறதே, எல்லாம் பொய்க் கழி என்று கரையில் நின்று குதித்தார். ராமக்கா அத்தை நிதானமாகக் கேட்டாள்: "இல்லாத கெணத்துல ஆரு வுழுவாங்க?"

இப்போது ஊரில் கழி இல்லாத இடம் ஒன்றே ஒன்று. பழைய சுடுகாடு. அதற்கு உரிமை கொண்டாட யாரும் வரவில்லை. மணல் பூமி, மெதுவான சரிவு, கிணறு இல்லை, மரம் இல்லை. பக்கத்தில் நஞ்சப்பன் காடு, அவர் கழி தாண்டினால்தான் பள்ளம். நீந்தப் பழக இதைவிட நல்ல இடம் காவேரிக்கரை நெடுகத் தேடினாலும் கிடைக்காது. மாமா அங்கேதான் பிள்ளைகளை இறக்கப் போகிறேன் என்று தகரம் தட்டினார்.

ஊர் அதிர்ந்தது. பூசாரி வந்து, செத்தவர்கள் காலைப் பிடித்து இழுப்பார்கள் என்றார்.

"செத்தவங்கல்லாம் நம்ம பாட்டன் பூட்டனுங்கதானே சாமி," என்றாள் ராமக்கா அத்தை. "பேரப்புள்ளைங்க கால் வழுக்குனா மேல தள்ளி வுடமாட்டாங்களா?"

பூசாரிக்கு ஒத்தாசையாக நான் ஒரு நாள் காலை புதருக்குள் உட்கார்ந்து பேய் மாதிரி ஊளையிட்டேன். பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். மாமா மட்டும் ஓடாமல், "ஏ பேயி, அங்க ஒத்தையா உக்காந்து என்ன பண்ற? எறங்கி வா, மெதக்கறதுக்குச் சொரக் குடுக்கை கட்டி வுடறேன்" என்று கூப்பிட்டார். பேய் சிரித்துவிட்டது. அதற்கப்புறம் அந்த இடத்தில் பேய் பயம் போய்விட்டது.

சாலம்மா அத்தை சுடுகாட்டுத் துறைக்குத் துணி துவைக்க வந்தாள். அவள் வீட்டில் அவ்வளவு அழுக்கு எப்படிச் சேர்ந்தது என்று நஞ்சப்பன்தான் கேட்டிருக்க வேண்டும். துவைத்துக்கொண்டே, யாரிடமும் பேசாததுபோல, காலை நீட்டி உதை, மூச்சை இழுத்து வை, பயந்தால் மல்லாந்து படு என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ராமக்கா அத்தை கூரையில் காய்த்த சுரைக்காய்களை முற்றவிட்டுக் காயவைத்துக் குடுக்கையாக்கிக் கொடுத்தாள். மாமா கரையில் நின்று வடக்கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

காவேரி முதல் நாள் ஈர மணலில் நின்றாள். மறுநாளும் நின்றாள். யாரும் இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. நாங்கள்கூட அவளைக் கேலி செய்யவில்லை, ஏனென்று கேட்காதீர்கள். ஒரு நாள் கணுக்கால், ஒரு நாள் முழங்கால். ஒரு நாள் அவள் குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கையைக் காலை அடித்துக் கொஞ்ச தூரம் போய்விட்டாள். மாமாவுக்குக் கத்த வாய் வரவில்லை. மேட்டுக்கொட்டாய் அந்த ஒரு காலையில்தான் அமைதியாக இருந்தது.

அடுத்த வருஷம் மாசியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியபோது பிள்ளைகள் நீந்துகிற இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் குறைவதால் அல்ல. நஞ்சப்பன் கழி நகர்ந்துகொண்டிருந்தது. சுடுகாடு யாருக்கும் சொந்தமில்லாமல் வீணாகக் கிடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அவ்வப்போது குளிக்க வருகிறதுபோல வந்து கழியைப் பிடுங்கிச் சுடுகாட்டுப் பக்கம் தள்ளி நடுவார். கேட்டால், என் கிணறு இங்கேதான் இருந்தது, கழி நிற்கிறதே தெரியவில்லையா என்பார். நான் வெட்டின கிணறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்று மாமா சண்டைக்குப் போனார். உன்னை யார் கேட்டது என்றார் நஞ்சப்பன். அந்தக் கிணறு விஷயத்தில் ஊரில் யாரும் நஞ்சப்பன் பேச்சை நம்பவில்லை. நஞ்சப்பன் மட்டும் நம்பிவிட்டார்.

ஒரு நாள் காலை பெண்பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். நஞ்சப்பன் தன் காட்டுப் பக்கமிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கழியைப் பார்த்து விறுவிறு என்று நடந்தார். கிணறு கழியடியில்தானே இருக்கிறது, அதுவரைக்கும் தரை என்கிற தைரியம். ஒரு கையைத் தூக்கி, "எங்காட்டுல ஆரைக் கேட்டுடி எறங்..." என்றார். மீதிப் பேச்சு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, கழி முன்பு நின்ற இடத்தில் ஆளைக் காணோம். தலைப்பாகை மட்டும் மிதந்தது.

முதலில் நாங்கள் சிரித்தோம். அப்புறம் தலை மேலே வந்து வாயைத் திறந்து மறுபடி உள்ளே போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. வேட்டி காலில் சுற்றிக்கொண்டது. தாறுமாறாகக் கையை அடித்தார்.

கிட்டே போகாதே என்று ஒன்றரை வருஷமாகத் தகரம் தட்டின மாதப்ப மாமா, அத்தனையும் மறந்து, கயிற்றைப் போட்டுவிட்டு நேராக அந்தக் கிணற்றைப் பார்த்து ஓடினார். நீச்சல் தெரியாது என்பதும் அவருக்கு மறந்துவிட்டது. ராமக்கா அத்தை பின்னாலேயே ஓடிக் குடுமியைப் பிடித்துக்கொண்டாள். அவள் அன்றைக்கு விட்டிருந்தால் இந்தக் கதையைச் சிரித்துச் சொல்ல முடியாது.

சாலம்மா அத்தை துவைக்கிற கல்லைவிட்டு எழுந்தாள். "காவேரி, கிட்டப் போவாத. தரையில நின்னு குடுக்கையை எறி." காவேரி மணலில் காலை ஊன்றி, வடக்கயிற்றில் கட்டின குடுக்கையை வீசினாள். முதல் வீச்சு தவறிவிட்டது. இழுத்து மறுபடி வீசினாள். அது அவர் மார்பண்டை போய் விழுந்தது. அத்தை புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "ஆட்டாதீங்க. குடுக்கையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு மல்லாந்து படுங்க. நான் சொல்றதை ஒரு தடவையாவது கேளுங்க."

ஒரு தடவை கேட்டார். பெண்பிள்ளைகளெல்லாம் சேர்ந்து தேர் வடம் பிடிப்பதுபோல இழுத்து அவரைச் சுடுகாட்டு மணலில் சேர்த்தார்கள். குடித்த தண்ணீரைக் கக்கினார், இருமினார், கண்ணைத் திறந்து சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் பாத்தீங்கல்ல? அது எங்கெணறுதான்."

"ஆமாங்க," என்றாள் சாலம்மா அத்தை. "அது உங்களுதுதான். கழியை அங்க கொண்டுபோயி நடுங்க." சொல்லிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள்.

கழி அன்றே கிணற்றுக்குத் திரும்பிப் போயிற்று. அதன் தலையில் இப்போது ராமக்கா அத்தையின் முந்தானைக்குப் பதில் நஞ்சப்பனின் தலைப்பாகை பறக்கிறது. மற்றவர்கள் பயந்து ஒதுங்குவதற்காக அல்ல, யாருடைய கிணறு என்று தெரிவதற்காக என்கிறார். எதற்காகவோ, ஒதுங்குகிறார்கள். சாலம்மா அத்தை இப்போது அழுக்குத்துணி மூட்டை இல்லாமலேயே துறைக்கு வருகிறாள்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆயிற்று. வெள்ளைக்காரன் எங்கோ பெரிய சண்டை போடுகிறானாம், மண்ணெண்ணெய்கூடக் கிடைக்கவில்லை. மேட்டுக்கொட்டாயில் வரப்புச் சண்டை மட்டும் தட்டுப்பாடில்லாமல் நடக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் இதுவரை எங்கள் ஊரில் ஒரு பிள்ளையையும் கொண்டுபோகவில்லை.

மாதப்ப மாமா போன வருஷம்தான் இறங்கினார். சுடுகாட்டுத் துறையில் கிணறு ஏதாவது இருக்கிறதா என்று சோதிக்கத்தான் இறங்குகிறாராம், நீச்சல் பழக அல்லவாம். முதுகில் பெரிய குடுக்கை, இடுப்பில் அந்தப் பழைய வடக்கயிறு. அதன் மறுமுனை கரையில் காவேரி கையில். தாடையைத் தூக்கிக்கொண்டு, ஒற்றையாக இறங்காதே, தலைகீழாகப் பாயாதே என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு காலை உதைக்கிறார். தண்ணீர் வாய்க்குள் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கேட்கிறது.

பொழுது ஏறிவிட்டது, மேலே வா நைனா என்று காவேரி கயிற்றைச் சுண்டி இழுக்கிறாள். "இரு சாமி, இன்னும் கொஞ்சம் சோதிக்கோணும்" என்கிறார். அவள் தினமும் இறங்குகிறாள், தினமும் ஏறுகிறாள். இவரைக் கரையேற்றுவதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருக்கிறது.